கழிப்பதன் முன் அளத்தல் வேண்டும்

இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது, தமிழாசிரியராகிய நாம் சங்கச் சான்றோரைப் பற்றியோ, ஆறுமுகநாவலர் அவர்களின் வசனநடையைப் பற்றியோ எழுதி அனுப்புவோம் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அத்தகைய கட்டுரைகளை எழுத எம்மினும் வல்லார் பலர் உளர். நாமோ எமது பழைய மொறிஸ் மைனர் காரின் எந்திரத்தைப் பற்றி எழுதத் துணிந்தோம். தமிழாசிரியருக்கும் மோட்டார் எந்திரத்துக்கும் யாது தொடர்பு என வினவுவோர் இறுதிவரை பொறுத்துப் படிக்குமாறு வேண்டுகின்றோம். நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. ஒரு பொருளையாயினும் ஓர் ஆளையாயினும் அளந்து பாராமல் 'இது முடிந்தது' எனத் தீர்ப்புக் கூறுதல் அறிவுடைமை ஆகாது. இதனை நூலிற் படித்தும் உணராதிருந்த நாம், எண்ணெய் படிந்த ஒரு கொட்டிலிலே உணர்ந்தோம்.

முதலில் அக்காரின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். மொறிஸ் மைனர் அலெக் இசிகோனிஸ் என்பவரால் அமைக்கப்பெற்று 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே வெளிவந்தது. 1952இல் ஒஸ்ரின், மொறிஸ் ஆகிய இரு நிறுவனங்களும் ஒன்றிணைந்தபின், ஒஸ்ரின் ஏ30 காருக்கென 1951இல் உருவாக்கப்பட்ட சிறிய எந்திரம் மைனரிலும் இடம்பெற்றது. 1956 முதல் அது 948 கனசென்ரிமீற்றர் அளவினதாயிற்று. எமது கார் 1959ஆம் ஆண்டினது. அவ்வளவினதே அதன் எந்திரமும். அவ்வின எந்திரம் அளவிற் சிறிது மாறியும் பெருத்தும் 2000ஆம் ஆண்டுவரை செய்யப்பட்டு வந்தது. ஆதலால் அதன் உறுப்புக்கள் பல இன்றும் கிடைக்கின்றன. இலங்கையிலேயே மைனருக்கான உடற்பாகங்கள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டதுமுண்டு.

எமது தந்தையார் இக்காரைப் பிறரிடமிருந்து வாங்கிப் பல்லாண்டு பேணினார். 1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, குடாநாட்டிற் பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடியதை நாற்பது வயதைத் தாண்டிய பழைய மாணவர் எவரும் மறந்திரார். மண்ணெண்ணெய் குளிர்ந்த எந்திரத்தில் ஆவியாகாது. எனவே சிறு போத்தலில் அரிதாக வைத்திருந்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றரில் விட்டு எந்திரத்தை எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அப்போது எழும் வெண்புகையும் நாற்றமும் எமது இளமையின் நினைவுகளோடு பிரிக்கவொண்ணாதன. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் யாவரும் ஒருசேர இடம்பெயர்ந்த இரவில், நடக்கமாட்டாத எமது அப்பாச்சியைச் சாவகச்சேரிக்குக் கொண்டு சென்றது இந்தக் காரே. சனநெரிசலில் நத்தை போல் ஊர்ந்து, நின்று நின்று, அது அவரைக் கொண்டு சேர்த்தது. இதனால் எமக்கு அக்கார் வெறும் இரும்பன்று.

ஆயினும் நன்றியுணர்வு எந்திரத்தை ஓட்டாது. தந்தையார் காலமானபின் கார் எம்மிடம் வந்தது. 2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அது நீலப் புகை கக்கத் தொடங்கிற்று. விசை குறைந்தது. வாரந்தோறும் ஒயில் ஊற்ற வேண்டியதாயிற்று. சூடேறி நிற்கும்போது ஒயில் அமுக்கத்தைக் காட்டும் விளக்கு மினுங்கியது. சுமையோடு செல்லும்போது அடியிலிருந்து கனத்ததொரு தட்டல் கேட்டது. ஒரு கராச்சிற் காட்டினோம். அங்கிருந்தவர் எந்திரத்தை ஒருமுறை முடுக்கிவிட்டு, புகையைப் பார்த்துக் கையை விரித்தார். "எஞ்சின் முடிஞ்சுது சேர். கழட்டி எறிஞ்சுபோட்டு யப்பான் எஞ்சின் ஒண்டு பூட்டுவம்" என்றார். அவர் கேட்ட தொகை எமது எட்டு மாதச் சம்பளம். காரை விற்றுவிடலாமெனிலோ, 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால் அக்காலத்தில் மிகப் பழைய சிறிய காரின் விலையும் எமக்கு எட்டாததாயிருந்தது. வயது முதிர்ந்த தாயாரை மாதந்தோறும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் கடமை எமக்கு இருந்தது. ஆகவே இது பொழுதுபோக்குக்காகச் செய்த காரியமன்று.

இந்நிலையில் எமது அயலிலே சிறியதொரு கொட்டிலில் வேலை செய்யும் இளைஞர் ஒருவரிடம் சென்றோம். சென்றபின்னரே அவர் எம்மிடம் பதினோராம் வகுப்புவரை படித்தவர் என்பதை அறிந்தோம். அவரைப் பற்றிப் பின்னர் கூறுவோம். அவர் எந்திரத்தை முடுக்கவில்லை. ஒரு வாங்கிலே எம்மை இருத்தி, எப்போது புகை வருகிறது, புறப்படும்போதா ஓடும்போதா, எத்தனை மைலுக்கு எவ்வளவு ஒயில், மண்ணெண்ணெயில் எத்தனை ஆண்டு ஓடியது, கடைசியாக யார் திறந்தார் என ஒன்றன்பின் ஒன்றாக வினவினார். பிறகு, "சேர், இப்ப ஒண்டும் கழட்ட வேண்டாம். முதல் அளந்து பாப்பம். அளவு சொல்லுறதைக் கேட்டு முடிவெடுப்பம்" என்றார். திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்தை ஆண்டுதோறும் கற்பித்து வரும் எமக்கு, நோயையும் அதன் காரணத்தையும் அறிந்தபின்னரே மருத்துவம் செய்யவேண்டும் என்னும் ஒழுங்கை ஒரு மெக்கானிக்கின் வாயிற் கேட்டபோது நாணமே உண்டாயிற்று.

அவர் செய்த ஆய்வு முறையைச் சற்று விரித்துரைத்தல் பயனுடைத்து. கையிற் பணமின்றிப் பழைய கார் வைத்திருக்கும் எவர்க்கும் அது உதவும்.

புகையின் நிறம் முதற் சான்று. கறுப்புப் புகை எரிபொருள் மிகையென்றும், ஓயாத வெண்புகை நீர் உட்புகுகின்றதென்றும், நீலப் புகை ஒயில் எரிகின்றதென்றும் காட்டும். நீலப் புகையிலும் வேறுபாடு உண்டு. சிறிது நேரம் நின்றபின் புறப்படும்போது மட்டும் ஒருமுறை வருமாயின் வால்வு செல்லும் துவாரங்களில் தேய்வு. சுமையோடு ஓடும்போது இடைவிடாது வருமாயின் முசலத்தின் வளையங்களில் தேய்வு. எமது காரில் இரண்டும் இருந்தன.

அடுத்தது அமுக்கப் பரிசோதனை. எந்திரத்தைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, அக்சிலேற்றரை முழுவதும் மிதித்தபடி ஸ்ராற்றரைச் சுழற்றி, ஒவ்வோர் உருளையிலும் எழும் அமுக்கத்தை மானியாற் பார்த்தார். சதுர அங்குலத்துக்கு முதலாம் உருளையில் 120 இறாத்தல், இரண்டாவதில் 115, மூன்றாவதில் 70, நான்காவதில் 115. பிறகு ஒவ்வோர் உருளையிலும் ஒரு கரண்டி ஒயிலை விட்டு மீண்டும் அளந்தார். முதலாவது 140 ஆகவும், இரண்டாவதும் நான்காவதும் 135 ஆகவும் உயர்ந்தன. மூன்றாவது 80ஐத் தாண்டவில்லை. ஒயில் வளையங்களைச் சுற்றியுள்ள இடைவெளியைத் தற்காலிகமாக அடைக்கும்; வால்வை அடைக்காது. ஆகவே, மூன்று உருளைகளில் வளையம் ஓரளவு தேய்ந்திருக்கிறது. மூன்றாம் உருளையில் அதனோடு வால்வும் பழுது. ஒரு கரண்டி ஒயிலிலே இரு நோய்கள் பிரித்தறியப்பட்டன.

அதனை உறுதி செய்யப் பழைய பிளக் ஒன்றின் உட்பகுதியை உடைத்தெடுத்து, அதிலே ரயர் வால்வொன்றைப் பற்றவைத்துச் செய்த கருவியை மூன்றாம் உருளையிற் பூட்டினார். முசலம் உச்சிக்கு வந்து இரு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் காற்றை உட்செலுத்தினார். காற்று காபரேற்றரில் சீறினால் உள்வாங்கும் வால்வு. புகைக்குழாயில் சீறினால் வெளிவிடும் வால்வு. ஒயில் ஊற்றும் வாயில் சீறினால் வளையம். றேடியேற்றரில் குமிழி எழுந்தால் தலைக் காஸ்கற். நாம் புகைக்குழாயிற் காதை வைத்தோம். சீறல் தெளிவாகக் கேட்டது. இவ்வின எந்திரத்தில் நடுவிலுள்ள இரண்டாம், மூன்றாம் உருளைகள் இரண்டும் ஒரே வாயிலாற் புகையை வெளிவிடுகின்றமையால் அவ்விடம் பிறவற்றினும் மிகச் சூடேறும். வெளிவிடும் வால்வு அங்கே எரிந்துபோதல் வழக்கம் என்றார்.

தட்டலுக்கும் அவ்வாறே. ஒவ்வொரு பிளக்கின் கம்பியையும் மாறிமாறிக் கழற்றிப் பார்த்தார். மூன்றாவதைக் கழற்றியபோது தட்டல் தணிந்தது. அவ்வுருளையின் கீழுள்ள பெரிய பெயாரிங் தேய்ந்தமைக்கு அது சான்று. எச்சரிக்கை விளக்கின் ஆளியைக் கழற்றி, இரவல் வாங்கிய மானியொன்றை அவ்விடத்திற் பூட்டிப் பார்த்தபோது, ஓடும்போது 50, 60 இறாத்தல் காட்டவேண்டிய ஒயில் அமுக்கம் சூடேறியபின் 25 மட்டுமே காட்டியது. இவ்வளவும் அறிய ஒரு மாலைப்பொழுது போதியதாயிருந்தது; செலவோ தேநீருக்கும் ஒரு போத்தல் ஒயிலுக்கும் மட்டுமே. இதனைச் செய்யாமலன்றோ முதற் கராச்சில் எட்டு மாதச் சம்பளத்துக்குத் தீர்ப்பு வழங்கினர்!

நோய்முதல் யாது? அதனையும் அவரே விளக்கினார். எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் உருளைச் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு வளையங்களைத் தாண்டிக் கீழிறங்கி, அடித்தொட்டி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். நீர்த்த ஒயில் பெயாரிங்குகளைத் தாங்காது. அக்காலத்தில் ஒயிலும் கிடைத்தற்கரிதாகையால் மாற்றுவாரும் இல்லை. மண்ணெண்ணெய் விரைந்து வெடித்துத் தட்டும் இயல்பினதாகையால் முசலமும் கிராங்குத் தண்டும் அடிபட்டன. அதற்குமேல், 2002ஆம் ஆண்டில் ஈயங்கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டபின், ஈயத்தின் காப்பை நம்பிச் செய்யப்பட்ட பழைய இரும்பு வால்வு இருக்கைகள் மெல்ல மெல்லக் குழியத் தொடங்கின. எமது எந்திரத்திலே ஒரு காலத்தின் இடர்கள் யாவும் ஆயிரத்திலொரு பங்கு அங்குலக் கணக்கில் எழுதப்பட்டிருந்தன.

இனி, குறைந்த செலவிற் புதுக்குதல் எவ்வாறு? எதற்குப் பணம் செலவிடவேண்டும், எதற்குச் செலவிட வேண்டியதில்லை என்று அறிதலே அதன் சாரம். மலிவான உறுப்பை வாங்குதல் சிக்கனமன்று.

எந்திரத்தைப் பிரிக்கும்போது அவர் ஒவ்வோர் உறுப்புக்கும் இடம் வைத்தார். தள்ளுகோல்கள் எட்டையும் துளையிட்ட அட்டையில் வரிசையாகக் குத்தினார். பெயாரிங் மூடிகளில் இலக்கம் இட்டார். ஒன்றோடொன்று பழகித் தேய்ந்த உறுப்புக்களை இடம் மாற்றினால் நல்லனவும் கெடும் என்றார். தலையைக் கழற்றியபோது மூன்றாம் உருளையின் வெளிவிடும் வால்வின் விளிம்பு, எலி கறித்த அப்பத்தைப் போன்றிருந்தது. காற்றுச் சீறல் பொய் சொல்லவில்லை.

உருளைகளின் உட்சுவரை மேலும் கீழும் நெடுக்கும் குறுக்குமாக அளந்தார். தேய்வு எப்போதும் மேல்வளையம் திரும்புமிடத்திலே மிகும். எமது எந்திரத்தில் மிக்க தேய்வு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கு பங்கு. எட்டுப் பங்களவு தேய்ந்திருப்பின் உருளையைக் கடைந்து பெருப்பித்துப் புதிய பெரிய முசலங்கள் இடுதல் தவிர்க்க முடியாதது. நான்கு என்பதால் பழைய முசலங்களையே வைத்து, சுவரைத் தேய்கல்லாற் சுரண்டிப் பளபளப்பை நீக்கி, புதிய வளையங்கள் மட்டும் இடலாம் என்று முடிவு செய்தார். ஆயின் ஓர் எச்சரிக்கை: தேய்வுக்கு மேலே உருளையின் வாயில் தேயாத விளிம்பொன்று வரம்புபோல் நிற்கும். அதனை நீக்காது புதிய வளையத்தை இட்டால், வளையம் அவ்வரம்பில் மோதி ஒடியும். பலர் 'றிங் மட்டும் மாற்றி' ஏமாறுவது இதனாலேயே. அவர் வரம்பை நீக்கி, ஒவ்வொரு வளையத்தையும் உருளைக்குள் வைத்து, அதன் இரு முனைகளுக்கிடையே பத்து ஆயிரத்திலொரு பங்களவு இடைவெளி உண்டோ எனத் தகட்டுமானியால் நோக்கியபின்னரே பூட்டினார்.

கிராங்குத் தண்டிலே சிக்கனம் செய்ய அவர் உடன்படவில்லை. மூன்றாம் பெயாரிங் அமரும் இடம் வட்டம் குலைந்து முட்டைவடிவாய் இருந்தது. புதிய பெயாரிங்கை மட்டும் இட்டால் ஒரு மாதம் ஓடும். பிறகு பழைய தட்டல் திரும்பும். கடைச்சல் பட்டறையில் தண்டு முழுவதையும் ஆயிரத்தில் இருபது பங்கு சிறுப்பித்து, அதற்கேற்ற பெயாரிங்குகள் கொழும்புப் பஞ்சிகாவத்தையிலிருந்து வருவிக்கப்பட்டன. தண்டினுள் ஓடும் ஒயில் துவாரங்களிலே முப்பதாண்டு அழுக்குப் படிந்திருந்தது. கம்பியும் மண்ணெண்ணெயும் கொண்டு அவற்றைத் துப்புரவாக்கும் பணி எமக்குத் தரப்பட்டது. இரண்டு நாட்கள் அதிலே கழிந்தன. கூலி கொடுக்கவேண்டிய வேலைகளுள் அறியாதவனும் செய்யத்தக்கவை எவையென அவர் பிரித்தறிந்து எம்மிடம் ஒப்படைத்தமையால் செலவு பெரிதும் குறைந்தது.

தலையிலே எரிந்த வால்வு ஒன்றும் வெளிவிடும் பக்கத்துத் துவாரக் குழல்களும் புதியன. மூன்றாம் உருளையின் வெளிவிடும் இருக்கைக்கு மட்டும் வன்மையான உருக்கு வளையம் பதிக்கப்பட்டது. ஏனைய இருக்கைகளை அரைமாவிட்டுத் தேய்த்தே சீராக்கினார். மெதுவாகச் செல்லும் காருக்கு அது போதும். வால்வு இடைவெளி அடிக்கடி குறைந்துவரின் இருக்கை குழிகிறதென அறிந்து அப்போது மாற்றலாம் என்றார். வேண்டியதை இன்றும், வேண்டிவரின் செய்யத்தக்கதை நாளையும் செய்தல் வறியோர்க்கு ஏற்ற நெறி. ஆனால் காஸ்கற்றுகள் யாவும் புதியனவே. ஒருமுறை நசுங்கிய காஸ்கற்றை மீண்டும் இடுதல் சிக்கனமன்று, பேதைமை என்றார்.

எந்திரம் மீண்டும் பூட்டப்பட்ட நாளில் ஒரு சிறு கணக்கை அவர் எமக்குக் காட்டினார். வால்வுகள் எட்டு. ஒவ்வொன்றின் இடைவெளியும் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு அங்குலம் இருத்தல் வேண்டும். எந்த வால்வைத் திருத்துவதாயினும் அது முற்றாக மூடியிருக்கும் நிலையை அறிதல் வேண்டுமே, எவ்வாறு? ஒன்பதிலிருந்து கழித்தால் விடை கிடைக்கும். எட்டாம் வால்வு முற்றாகத் திறந்திருக்கும்போது முதலாவதைத் திருத்தலாம். ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. ஐந்தாவது திறந்திருக்கும்போது நான்காவதை. நான்கு உருளைகளும் 1, 3, 4, 2 என்னும் ஒழுங்கில் வெடிப்பதால் வருவது இது. அவர் அதன் காரணத்தையும் சுண்ணக்கட்டியால் நிலத்திலே கோடிட்டு விளக்கினார். அத்துணைத் தெளிவான விளக்கத்தை ஆசிரிய கலாசாலையிலும் நாம் அரிதாகவே கேட்டிருக்கிறோம்.

செலவு யாவும் கூடி எமது மூன்று மாதச் சம்பளத்துக்குள் அடங்கிற்று. முதல் ஐந்நூறு கிலோமீற்றரில் ஒயிலை மாற்றினோம். தலையின் திருகாணிகளை மீண்டும் முறுக்கினோம். நெடுநேரம் நிறுத்தி உறுமவிடாமலும், ஒரே வேகத்தில் ஓட்டாமலும் வளையங்களைப் பழக்கினோம். ஒயில் அமுக்கம் 55 காட்டிற்று. புகைப் பரிசோதனையிலும் கார் தேறியது. தாயார் இன்றும் அதிலேதான் வைத்தியசாலைக்குச் செல்கின்றார்.

இதற்கு மறுப்புக் கூறுவோர் உண்டு. அவர் கூற்றுக்களிலும் உண்மையுண்டு. எந்திரத்தின் உடல் வெடித்திருப்பின், அல்லது தண்டு முறிந்து சுவரைத் துளைத்திருப்பின், அதிலே பணமிடுதல் வீண். யப்பானிய எந்திரம் எரிபொருள் குறைவாகக் குடிக்கும், விசை மிகும் என்பதும் மெய். ஆனால் அறுபது ஆண்டுக்கு முற்பட்ட மைனரின் தடுப்பும் அச்சும் அச்சிறிய எந்திரத்தின் வேகத்துக்கென அமைந்தன. விசையை மட்டும் இரட்டித்துத் தடுப்பை அவ்வாறே விடுதல் ஆபத்து. தடுப்பையும் மாற்றப் புகின் செலவுக்கு எல்லையில்லை. பழையதெல்லாம் நன்று என்பதும் எமது கொள்கையன்று. கழிக்கத் தக்கது கழிக்கப்படட்டும். அளந்தபின் கழிக்கப்படட்டும் என்பதே நாம் கேட்பது. அளவு 'எட்டு' எனச் சொல்லியிருப்பின் நாமும் உருளையைக் கடைந்திருப்போம், அல்லது காரை விற்றிருப்போம்.

இனி அவ்விளைஞரைப் பற்றிக் கூறுவதாகச் சொன்னோம். அவர் எம்மிடம் தமிழ் படித்த காலத்தில் கட்டுரைத் தாளில் ஐந்து வரிக்குமேல் எழுதியதில்லை. நூற்றுக்கு இருபதைத் தாண்டியதில்லை. அவருடைய முன்னேற்ற அறிக்கையில் நாம் எழுதிய குறிப்பு எமக்கு இன்றும் நினைவிருக்கிறது: "கவனமின்மை. முன்னேற்றம் அரிது." அதனை எழுத எமக்கு அரை நிமிடம் சென்றிருக்கும். அவர் வாசிக்க இடர்ப்பட்டாரா, எழுத இடர்ப்பட்டாரா, கேட்டதை விளங்கிக்கொண்டாரா என நாம் பிரித்து நோக்கவில்லை. அவரை எழுப்பி வாயாற் சொல்லும்படி ஒருநாளும் கேட்கவில்லை. ஒரு புகையைக் கண்டு கையை விரித்த அந்த முதற் கராச்சுக்காரருக்கும் எமக்கும் என்ன வேறுபாடு? அவராவது ஓர் எந்திரத்தைப் பற்றித்தான் அவ்வாறு கூறினார். இதனை அவரிடம் சொல்லி வருந்தினோம். "அதை விடுங்கோ சேர், எனக்கு எழுத்து வராது எண்டு எனக்கே தெரியும்" என்று சிரித்தார். எழுத்து வரவில்லை என்பது மெய்யாகலாம். தமிழ் வரவில்லை என்பது பொய். காரணமும் காரியமும் பிறழாது ஒழுங்குபடச் சொல்லும் அவருடைய தமிழ், நாம் எழுபத்தைந்து புள்ளி வழங்கிய பலருடைய தமிழினும் செம்மையானது.

தமிழாசிரியர் என்ற முறையில் இன்னுமொன்று கூறுதல் எமக்குரியது. எமது விஞ்ஞான நூல்கள் முசலம், உருளை, அமுக்கம், நுண்மானித் திருகுக் கணிச்சி எனக் கற்பிக்கின்றன. அவை அழகிய சொற்கள்; அவற்றை ஆக்கியோர் எமது வணக்கத்துக்குரியர். கராச்சிலோ பிஸ்ரன், சிலிண்டர், மைக்ரோமீற்றர் என்பர். வகுப்பில் முசலத்தின் படத்தைப் பிழையறக் கீறிய மாணவன், கராச்சிலே பிஸ்ரனைக் கண்டால் அறியான். கராச்சிலே பிஸ்ரனைக் கழற்றிப் பூட்டும் இளைஞன், தான் வினாத்தாளில் தவறவிட்ட முசலம் அதுவே என அறியான். ஒரு பொருளுக்கு இரு பெயர் இருத்தல் மொழிக்குக் குறையன்று. இரு பெயரையும் அறிந்தார் ஒருவரும் இல்லாதிருத்தலே குறை. இவ்விரு உலகத்துக்கும் இடையே நிற்கவேண்டியவர் ஆசிரியரே.

2013ஆம் ஆண்டில் உயர்தர வகுப்பிலே தொழில்நுட்பத்துறை தொடங்கப்பட்டமை நற்செயல். எனினும் அதனைப் பிற துறைகளில் இடம் கிடையாதோர் ஒதுங்குமிடமாகக் கருதும் மனப்பான்மை எமது பெற்றோரிடமும், ஏன், எம் போன்ற ஆசிரியரிடமும் இன்னும் நீங்கவில்லை. கை அழுக்குப்படாத கல்வியே உயர்ந்தது என்ற எண்ணம் எமது சமூகத்திலே ஆழ வேரூன்றியுள்ளது. ஆயின் தட்டுப்பாடு வந்த காலமெல்லாம் எம்மைக் காத்தவர் யாவர்? மண்ணெண்ணெயிற் காரோட்டவும், உறுப்பில்லாதவிடத்து உறுப்புச் செய்யவும் கற்றிருந்தவரே. அவர்களுடைய பெயர்கள் எமது கல்லூரி மண்டபத்துச் சுவரிலே எழுதப்படவில்லை.

ஆகவே பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். விழா நினைவாக முகப்பு வளைவு ஒன்று அமைக்க எண்ணியுள்ளதாகக் கேள்வியுற்றோம். வளைவு வேண்டாமென்று நாம் கூறவில்லை. அதன் செலவிற் சிறுபங்கைக் கொண்டு, கல்லூரி வளவின் ஒரு மூலையிலே கூரையிட்ட கொட்டில் ஒன்று அமைத்து, பழைய எந்திரங்கள் இரண்டும், அமுக்கமானி, நுண்மானி, தகட்டுமானி ஆகிய அளவுகருவிகளும் வாங்கி வைப்பின், எல்லா வகுப்பு மாணவரும், கலைப்பிரிவினர் உட்பட, வாரத்தில் ஒருமுறை அங்கே சென்று ஒரு பொருளை அளந்து, அளவைக் கொண்டு முடிவு கூறப் பழகுவர். கற்பிக்க எம்மூர்க் கராச்சுக்காரர்களை அழைக்கலாம். எமக்குத் தெரிந்த ஒருவர் வர உடன்பட்டுள்ளார். இரு வழக்குச் சொற்களையும் அருகருகே எழுதி அச்சுவரிலே தொங்கவிடும் பணியை நாம் ஏற்றுக்கொள்கின்றோம்.

ஒயில் துவாரங்களைக் கழுவிய அந்த இரண்டு நாட்களின் கறை எமது விரல் நகங்களில் ஒரு மாதம் இருந்தது. அக்கையோடுதான் அத்தவணை முன்னேற்ற அறிக்கைகளை எழுதினோம். ஒரு மாணவனின் பெயருக்கு எதிரே 'முன்னேற்றம் அரிது' என எழுதப்போய், பேனையை நிறுத்தி, அவனை அழைத்து முதலில் வாசிக்கச் சொன்னோம்.